நான்காவது நிபந்தனை

அரபுக் கல்லூரியில் ஓதி ஸனது பெற்ற ஒருவன் ஆங்கில இலக்கியம் பயில முற்படுவது நம் ஊர்களில் இன்றும் சற்று வியப்புக்குரிய செய்திதான். பள்ளியொன்றில் அரபு மொழி ஆசிரியனாகப் பணியாற்றிக்கொண்டே, முப்பது வயதைக் கடந்த பின்னர், அஞ்சல்வழிக் கல்வியில் ஆங்கில இலக்கியம் படித்தவன் நான். "கிதாபு ஓதியவருக்கு இந்தக் கதைகளால் ஆகப் போவது என்ன?" என்று கேட்டோர் பலர். "மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள், அது பயன்படும். கதை எதற்கு?" என்று அறிவுரை கூறியோரும் உண்டு. கேட்டவர் அனைவரும் என் மீது அன்பு கொண்டவர்களே. அக்கேள்விக்கு நான் கண்ட விடையை இங்கே எழுத விழைகின்றேன்.

ஆங்கில இலக்கியத்தைப் பற்றி நம்மவர் பேசும்போது, பெரும்பாலும் ஒரு பெருமையைச் சொல்லித் தொடங்குவர். அந்தலூஸ் நாட்டுத் தத்துவ அறிஞர் இப்னு துஃபைல் எழுதிய 'ஹை இப்னு யக்ளான்' என்னும் அரபு நூல், தீவொன்றில் தனியே வளர்ந்து தன் அறிவாலேயே இறைவனை உணர்ந்த ஒரு மனிதனின் கதை. அதனைச் சைமன் ஆக்லி என்பார் 1708இல் அரபியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தார். பதினோர் ஆண்டுகள் கழித்து, 1719இல், டேனியல் டீஃபோவின் 'ராபின்சன் குரூசோ' வெளிவந்தது. காலவரிசை உண்மையே. ஆனால் முன்னதிலிருந்து பின்னது பிறந்தது என்பதில் அறிஞர்களிடையே கருத்தொற்றுமை இல்லை. யார் யாரிடம் கடன் பெற்றார் என்னும் கணக்கை நான் எடுக்க வரவில்லை. மாணவனாக அந்நூல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தபோது, மதரஸாவில் எனக்கு நன்கு அறிமுகமான ஒரு கேள்வி அவற்றுள் மீண்டும் மீண்டும் எழக் கண்டேன். பாவம் செய்துவிட்ட மனிதன் அடுத்து என்ன செய்கிறான் என்பதே அக்கேள்வி.

கிதாபில் கற்ற பாடம்

ஸிரியாவின் நவா என்னும் ஊரில் பிறந்து, ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'ரியாளுஸ் ஸாலிஹீன்' நம் மதரஸாக்களில் நன்கு அறியப்பட்ட நூல். அதன் முதற் பாடம் இக்லாஸ் என்னும் மனத்தூய்மை. இரண்டாம் பாடம் தவ்பா. பாவம் அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடைப்பட்டதாயின் தவ்பாவுக்கு மூன்று நிபந்தனைகள் உண்டென்று இமாமவர்கள் அங்கே வகுத்துரைக்கின்றார்கள். பாவத்தை விட்டு விலகுதல் ஒன்று; செய்ததற்காக வருந்துதல் இரண்டு; இனி அதன் பக்கம் திரும்புவதில்லை என்று உறுதி பூணுதல் மூன்று. பாவம் இன்னொரு மனிதனின் உரிமையைத் தொட்டிருக்குமானால் நான்காவதொன்றும் சேரும். பறித்ததை உரியவரிடம் திருப்பித் தர வேண்டும்; புறம் பேசியிருந்தால் அவரிடமே பொறுத்தருளக் கோர வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் அது தவ்பா ஆகாது.

ஒரே அமர்வில் மனனம் செய்துவிடக் கூடிய பாடம் இது. நானும் அப்படித்தான் மனனம் செய்தேன். என்னிடம் பயின்ற பிள்ளைகளுக்கும் அப்படியே ஒப்புவிக்கக் கற்பித்தேன். நிபந்தனைகள் நான்கு என்பது தெரியும். அந்நான்கில் ஒன்றில் மனிதன் இடறி விழும்போது அவன் உள்ளத்தில் என்ன நிகழ்கின்றது என்பதை விரித்துக் காட்டியவர்கள், எனக்கு, ஆங்கில மொழியின் பேராசிரியர்களே.

தானே கதவைச் சாத்திக்கொண்டவன்

முதலில் கிறிஸ்டோபர் மார்லோவின் 'டாக்டர் ஃபாஸ்டஸ்'. மார்லோ 1593இல், இருபத்தொன்பதாம் வயதில், குத்திக் கொல்லப்பட்டார். அவர் மறைந்து பதினோர் ஆண்டுகள் சென்ற பின் 1604இல் இந்நாடகம் அச்சேறியது. விட்டன்பர்க் நகரத்துப் பேரறிஞன் ஃபாஸ்டஸ், கற்ற கல்வி அனைத்தும் போதாதென்று கருதி, இருபத்து நான்கு ஆண்டுக் காலம் ஷைத்தானின் ஏவலாளன் தனக்குப் பணிபுரிய வேண்டும் என்னும் ஒப்பந்தத்தில் தன் ஆன்மாவை விற்று, குருதியால் கையெழுத்திடுகின்றான். உலகையே ஆளப் போவதாக எண்ணி வாங்கிய ஆற்றலை அவன் எதற்குப் பயன்படுத்தினான்? விருந்தில் அமர்ந்திருப்போரின் உணவைக் கண்ணுக்குத் தெரியாமல் பறிப்பதற்கும், சூல் கொண்ட சீமாட்டி ஒருத்திக்குப் பருவமல்லாத காலத்தில் திராட்சை வரவழைத்துத் தருவதற்கும்! விற்ற பொருளின் மதிப்பையும், அதற்கு ஈடாக வந்ததன் அற்பத்தையும் மார்லோ அருகருகே வைத்துக் காட்டுகின்றார்.

ஆயினும் என்னை நிறுத்தி வைத்தது அதுவன்று. நன்மை மலக்கும் தீமை மலக்கும் அவனிடம் மாறி மாறி வந்து பேசுகின்றனர். திரும்பிவிடு, இன்னும் நேரம் உண்டு என்கிறது ஒரு குரல்; காலம் கடந்துவிட்டது என்கிறது மற்றொன்று. இறுதி நெருங்கும் வேளையில் ஒரு முதியவரும் வந்து, இறையருள் உன் தலைக்கு மேலேயே இருக்கிறது என்று எடுத்துரைக்கின்றார். ஃபாஸ்டஸின் நெஞ்சு அசைகின்றது. ஆனால் ஏவலாளன் உடலைக் கிழித்துவிடுவேன் என்று அச்சுறுத்திய மாத்திரத்தில் மீண்டும் அடிபணிகின்றான். அடுத்த கணமே ஓர் அழகியை வரவழைத்துத் தரக் கேட்கின்றான். தன் பாவம் மன்னிப்பின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்பது அவனுடைய முடிவு. மன்னிப்பை மறுத்தவன் இறைவன் அல்லன். இவனே தனக்கு மறுத்துக்கொண்டான்.

இவ்விடத்தில் ஸஹீஹ் புகாரியிலும் முஸ்லிமிலும் காணப்படும் ஒரு வரலாறு எனக்கு நினைவு வந்தது. தொண்ணூற்றொன்பது உயிர்களைக் கொன்ற ஒருவன், தனக்கு மீட்சி உண்டா என்று ஒரு துறவியிடம் கேட்டான். இல்லை என்றார் அவர். அவரையும் கொன்று நூறாக்கினான். பின்னர் அறிஞர் ஒருவரிடம் சென்றான். உனக்கும் தவ்பாவுக்கும் குறுக்கே நிற்பவர் யார் என்ற கருத்துப்பட மொழிந்து, நல்லோர் வாழும் ஊருக்குச் செல்லுமாறு அவர் பணித்தார். வழியிலேயே அவன் உயிர் பிரிந்தது. தூரத்தை அளந்து பார்த்தபோது நல்லோரின் ஊருக்கு ஒரு சாண் அளவு நெருங்கியிருந்தான். அருள் மலக்குகள் அவனை ஏற்றுச் சென்றனர். நூறு கொலை புரிந்தவனுக்கு நடப்பதற்கு ஒரு வழி இருந்தது. நூல்கள் பல கற்ற ஃபாஸ்டஸோ இருபத்து நான்கு ஆண்டுகளில் ஓர் அடியும் எடுத்து வைக்கவில்லை. நம்பிக்கை இழப்பதை நம் மார்க்கம் ஏன் அவ்வளவு பெரும் பாவமாக எண்ணுகின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கவுரையை நான் கண்டதில்லை.

உறக்கத்தில் மட்டும் வருந்தியவள்

அடுத்தது வருத்தம். வருத்தமே தவ்பாவின் பெருந்தூண் என்பர் ஆலிம்கள். ஆனால் வருத்தம் மட்டும் தனித்து நின்றால்? ஷேக்ஸ்பியரின் 'மேக்பத்' நாடகத்தில், விருந்தினனாக வந்த அரசனைக் கொல்லுமாறு கணவனைத் தூண்டியவள் மேக்பத்தின் மனைவி. சிறிது தண்ணீர் போதும், கறை போய்விடும் என்று அன்று அவள் எண்ணினாள். ஐந்தாம் அங்கத்தில் அவள் உறக்கத்தில் எழுந்து நடக்கின்றாள். இல்லாத குருதியைக் கைகளிலிருந்து தேய்த்துத் தேய்த்துக் கழுவுகின்றாள். அரபு நாட்டு நறுமணங்கள் அத்தனையும் இந்தச் சிறு கையின் வாடையைப் போக்காது என்னும் பொருள்பட அவள் புலம்புமிடத்தில், நம் அத்தர்க் குப்பிகளை எண்ணி ஒரு கணம் புன்னகைத்தேன், மறுகணம் நடுங்கினேன். விழித்திருக்கும்போது அவள் யாரிடமும் ஒன்றும் ஒப்புக்கொள்வதில்லை. அவளுடைய வருத்தம் உறக்கத்தில் மட்டுமே வாய் திறக்கின்றது. விழிப்பில் செயலாக மாறாத வருத்தம் மனிதனைத் தின்றுவிடும்; திருத்தாது. அவளையும் அது தின்றே முடித்தது.

மண்டியிட்ட மன்னன்

இவையனைத்துக்கும் மேலாக என் உள்ளத்தைக் கவ்விய இடம் 'ஹாம்லெட்' நாடகத்தின் மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி. டென்மார்க்கின் மன்னன் கிளாடியஸ், உறங்கிக்கொண்டிருந்த தன் அண்ணனின் செவியில் நஞ்சூற்றிக் கொன்றவன். அவனுடைய முடியைச் சூடி, அவனுடைய மனைவியையும் மணந்துகொண்டவன். தன் குற்றத்தையே ஒத்த ஒரு கூத்தைக் கண்டு கலங்கி எழுந்து வந்து, தனிமையில் இறைஞ்ச முயல்கின்றான். உடன்பிறந்தானைக் கொன்ற உலகின் முதற் கொலையின் சாபம் தன் மீது உள்ளதென்று அவனே கூறுகின்றான். ஹாபீல், காபீல் வரலாற்றைத் திருக்குர்ஆனில் ஓதும் நமக்கு அந்தச் சாபம் புதிதன்று.

இங்கே கிளாடியஸ் ஒரு மார்க்க அறிஞனைப் போலத் தன்னைத் தானே விசாரணை செய்கின்றான். இறையருள் குற்றத்தை எதிர்கொள்வதற்கென்றே அல்லவா இருக்கிறது என்கிறான். ஆகவே ஃபாஸ்டஸைப் போல் இவன் நம்பிக்கை இழந்தவன் அல்லன். செய்த குற்றத்தின் கனமும் இவனுக்குத் தெரிகின்றது. ஆகவே வருத்தமும் இல்லாமல் இல்லை. ஆனால் அடுத்த படியில் கால் தடுக்குகின்றது. எந்த ஆதாயங்களுக்காகக் கொன்றானோ அவை இன்னும் அவனிடமே இருக்கின்றன: மணிமுடி, பேராசை, அரசி. கொள்ளையைக் கையில் வைத்துக்கொண்டே மன்னிப்பும் பெற முடியுமா என்று கேட்கின்றான். விடையையும் அவனே சொல்லிவிடுகின்றான். இவ்வுலகின் நீதிமன்றத்தில் பொன் பூசிய கை நீதியைத் தள்ளிவிடக் கூடும். கொள்ளைப் பொருளைக் கொண்டே சட்டத்தை விலைக்கு வாங்கவும் கூடும். மேலே உள்ள நீதிமன்றத்தில் அது நடவாது.

இத்தனையும் அறிந்தவன், அறிந்தபடி செய்யவில்லை. முழங்கால்களை வற்புறுத்தி மடக்குகின்றான். மண்டியிட்டு இருக்கின்றான். பின்னர் எழுந்து, தன் சொற்கள் மட்டுமே மேலே சென்றன, எண்ணம் கீழேயே தங்கிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கின்றான்.

இமாம் நவவீ அவர்களின் நிபந்தனைகளைக் கையில் வைத்துக்கொண்டு இக்காட்சியைப் படித்துப் பாருங்கள். பாவத்தை விட்டு விலகுதல் என்னும் முதல் நிபந்தனையும், உரியவரிடம் திருப்பித் தருதல் என்னும் நான்காவது நிபந்தனையும் அவனுக்குத் தெளிவாகத் தெரிகின்றன. தெரிந்தும் விரல்களை விரிக்க இயலவில்லை. அவனுடைய தடை அறியாமை அன்று, பிடி.

இக்காட்சியில் இன்னொரு நுட்பமும் உண்டு. தந்தையின் கொலைக்குப் பழி வாங்கத் துடிக்கும் ஹாம்லெட் அதே வேளையில் உருவிய வாளுடன் பின்னே வந்து நிற்கின்றான். இறைஞ்சும் நிலையில் கொன்றால் இவன் நேரே சுவர்க்கம் சென்றுவிடுவானே என்று எண்ணி வாளை உறையிலிடுகின்றான். உண்மையில் அங்கே வணக்கமே நிகழவில்லை! மண்டியிட்ட உடலைக் கண்டு உள்ளத்தை அளந்துவிட்டான் ஹாம்லெட். போர்க்களத்தில் கலிமாவை மொழிந்த ஒருவரை, அச்சத்தால் மொழிந்தார் என்று கருதி உஸாமா (ரலி) அவர்கள் கொன்றுவிட்டபோது, அவருடைய உள்ளத்தைப் பிளந்தா பார்த்தீர் என்னும் கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் கடிந்து வினவியதை நாம் ஹதீஸில் ஓதியிருக்கிறோம். உஸாமா (ரலி) அவர்கள் உள்ளே பொய் என்று எண்ணினார்கள். ஹாம்லெட் உள்ளே மெய் என்று எண்ணினான். பிறர் நெஞ்சைப் படிக்கும் அதிகாரம் இருவருக்குமே இல்லை. ஸஜ்தாவில் இருக்கும் மனிதனைப் பற்றி நாம் அறிவதெல்லாம், அவன் ஸஜ்தாவில் இருக்கிறான் என்பது மட்டுமே.

குரூசோ மறந்த சிறுவன்

'ராபின்சன் குரூசோ'வை நம் பிள்ளைகள் சாகசக் கதையாகச் சுருக்கிப் படிக்கின்றனர். முழு நூலையும் படிப்போருக்கு அது பெரிதும் ஒரு தவ்பாவின் கதை என்பது புலப்படும். தந்தையின் சொல்லை மீறி ஹல் துறைமுகத்தில் கப்பலேறுகின்றான் குரூசோ. முதற் புயலிலேயே நடுங்கி, உயிர் பிழைத்தால் நேரே தந்தையிடம் திரும்புவேன் என்று சபதம் செய்கின்றான். மறுநாள் கடல் அடங்குகின்றது, தோழர்களுடன் மது அருந்துகின்றான், சபதம் கரைந்துபோகின்றது. கப்பலில் அகப்பட்டிருக்கும்போது அல்லாஹ்வை உளத்தூய்மையுடன் அழைத்துவிட்டு, கரை சேர்ந்ததும் மாறிவிடும் மாந்தரைத் திருக்குர்ஆன் அன்கபூத் அத்தியாயத்திலும் பிற இடங்களிலும் சுட்டுகின்றது. டீஃபோ அக்காட்சியை ஒரு மனிதனின் வாழ்வில் வைத்து எழுதிக் காட்டியது போல் எனக்குத் தோன்றியது. மூன்றாவது நிபந்தனையாகிய உறுதி, அலை அடங்கியதும் அடங்கிவிட்டது.

பின்னர் தீவில் தனித்து, காய்ச்சலில் கிடந்தபோது, உடைந்த கப்பலிலிருந்து மீட்ட பெட்டியில் புகையிலை தேடியவனுக்கு வேதநூல் கிடைக்கின்றது. அழுது இறைஞ்சுகின்றான். அந்தத் தவ்பா நிலைக்கின்றது. இருபத்தெட்டு ஆண்டுத் தனிமையில் அவன் நன்றியுடையவனாக மாறுகின்றான். இதை உள்ளன்புடன் ஒப்புக்கொள்கின்றேன்.

ஆனால் ஸூரி என்னும் சிறுவன் எங்கே? தீவுக்கு வருவதற்கு முன் குரூசோ மொராக்கோவின் ஸலா துறைமுகத்தில் இரண்டாண்டுகள் அடிமையாய் இருந்தவன். அங்கிருந்து படகில் தப்பியபோது உடன் வந்தவன் ஸூரி, ஒரு முஸ்லிம் சிறுவன். உண்மையாக நடப்பேன் என்று அவனுடைய சமய வழக்கப்படியே குரூசோ அவனிடம் ஆணை வாங்கிக்கொள்கின்றான். சிறுவன் ஆணையைக் காத்தான். ஆப்பிரிக்கக் கரை நெடுகிலும் இடரில் துணை நின்றான். போர்ச்சுகீசியக் கப்பலொன்று இருவரையும் காப்பாற்றியபோது, அதன் தலைவன் அறுபது வெள்ளிக் காசு தர முன்வந்தான். தன் விடுதலைக்கு உதவியவனின் விடுதலையை விற்கக் குரூசோவின் மனம் முதலில் கூசவே செய்தது. சிறுவன் கிறித்தவனாக மாறினால் பத்தாண்டில் விடுவிப்பேன் என்றான் தலைவன், சிறுவனும் இசைந்தான், விற்பனை முடிந்தது. பிரேசிலில் தோட்டத்து வேலைக்கு ஆள் போதாதபோதுதான் அவனைக் கைவிட்டது தவறு என்று குரூசோ எண்ணுகின்றான். பின்னர் அவன் கப்பல் உடைந்ததும் அடிமைகளைப் பிடித்து வரப் புறப்பட்ட பயணத்திலேதான்.

தீவில் அவன் சிந்திய கண்ணீரில் தந்தை இருக்கின்றார், இறைவன் இருக்கின்றான், ஸூரி இல்லை. முடிவில் பெருஞ்செல்வனாகி, தனக்கு உதவிய கப்பல் தலைவனுக்கும் பணத்தைக் காத்து வைத்த விதவைக்கும் நன்றிக் கடன் செலுத்துகின்றான். அப்போதும் ஸூரி நினைவுக்கு வரவில்லை. இதனை ஆசிரியரின் குறை என்பதா, அக்காலத்தின் குறை என்பதா? இரண்டும் எனலாம். மனிதன் இறைவனிடம் அழுது தீர்த்துவிட்டால் மனிதர்களின் கணக்கும் தீர்ந்துவிட்டது என்று எவ்வளவு எளிதாக நம்பிவிடுகின்றான் என்பதே என்னை உறுத்தியது. தொழுகை, நோன்பு, ஸகாத் அனைத்தும் சுமந்து மறுமைக்கு வந்தும், பிறர் பொருளை உண்டதனாலும் பிறரைத் துன்புறுத்தியதனாலும் நன்மையெல்லாம் அவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டு வெறுங்கையனாய் நிற்பவனைப் பெருமானார் (ஸல்) அவர்கள் திவாலானவன் என்று குறித்தார்கள் அல்லவா?

காலம் கடந்து வந்த தந்தை

நான்காவது நிபந்தனையைக் காலந்தாழ்த்தினால் நேர்வது யாது என்பதை ஜார்ஜ் எலியட்டின் 'சைலஸ் மார்னர்' காட்டுகின்றது. ஆண்பெயரில் எழுதிய இப்பெண் எழுத்தாளர் 1861இல் வெளியிட்ட நாவல் இது. காட்ஃபிரே காஸ் என்னும் நிலக்கிழாரின் மகன், போதைக்கு அடிமையான ஒரு பெண்ணை இரகசியமாக மணந்திருந்தான். ஆண்டிறுதி இரவில் அவள் பனியில் விழுந்து இறக்க, அவளுடைய பெண்குழந்தை தள்ளாடி நடந்து, பொன்னைக் கள்வனிடம் இழந்து தனித்துக் கிடந்த சைலஸ் என்னும் நெசவாளியின் குடிசைக்குள் நுழைந்துவிடுகின்றது. காட்ஃபிரே வந்து பார்க்கின்றான். இறந்தவள் தன் மனைவி, குழந்தை தன் குழந்தை என்பதை அறிகின்றான். வாய் திறக்கவில்லை. விரும்பிய நான்ஸியை மணந்து மதிப்போடு வாழ்கின்றான். அந்த இல்லறத்தில் குழந்தைச் செல்வம் நிலைக்கவில்லை.

பதினாறு ஆண்டுகள் சென்று, கற்குழியின் நீர் வற்றியபோது, சைலஸின் பொன்னைத் திருடியவன் காட்ஃபிரேயின் தம்பியே என்பது வெளியாகின்றது. மறைத்தவை எல்லாம் ஒரு நாள் வெளிவரும் என்று உணர்ந்த காட்ஃபிரே மனைவியிடம் உண்மையைச் சொல்லி, அவளுடன் சென்று மகளைத் தன்னுடன் வருமாறு அழைக்கின்றான். செல்வமும் குலப்பெருமையும் தரத் தயாராக நிற்கின்றான். எப்பி என்னும் அப்பெண் மறுத்துவிடுகின்றாள். வளர்த்த நெசவாளியே அவளுக்குத் தந்தை. காட்ஃபிரே தீயவன் அல்லன், நாள் கடத்தியவன். அவன் திருப்பித் தர வந்தது பணமாக இருந்திருந்தால் பெட்டியில் வைத்துக் கொடுத்திருக்கலாம். பதினாறு ஆண்டுகளை எந்தப் பெட்டியில் வைத்துக் கொடுப்பது?

எங்கள் குடும்பத்தில் ஒரு கணக்கு

இதனைப் படித்த ஆண்டுகளில்தான் எங்கள் குடும்பத்திலும் ஒரு பழைய கணக்கு பேச்சுக்கு வந்தது. என் பாட்டனார் மறைந்தபோது வீடும் தென்னந்தோப்பும் என் உம்மாவின் தமையனார், எங்கள் பெரிய மாமாவின் கைக்குப் போயின. பெண்ணுக்குரிய பங்கு எவ்வளவு என்று திருக்குர்ஆன் அன்னிஸா அத்தியாயத்தில் அல்லாஹ் நேராகவே விதித்துள்ளான். மாமா அதை அறியாதவர் அல்லர். ஐவேளையும் முதல் ஸஃப்பில் நிற்பவர். "கலியாணத்தில் நகை போட்டுத்தானே அனுப்பினோம்" என்னும் வழக்கமான சொல்லே அவருக்குப் போதுமானதாய் இருந்தது. உம்மா கேட்கவில்லை. உடன்பிறந்தானிடம் பங்கு கேட்கும் பெண்ணை நம் ஊர்கள் எப்படிப் பேசும் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

மாமா ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். வழக்கப்படி வீடு வீடாகச் சென்று பொறுத்தருளக் கோரினார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். "தங்கச்சி, ஏதாவது குற்றங்குறை இருந்தால் பொறுத்துக்கொள்" என்றார். உம்மா தலைமுந்தானையைச் சரி செய்துகொண்டு, "பேச்சில் வந்ததையெல்லாம் என்றைக்கோ பொறுத்துவிட்டேன், காக்கா. தோப்பைப் பற்றியும் சேர்த்துத்தான் கேட்கிறீர்களா?" என்றார்கள். குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டது போல் இருந்தது. மாமா தேநீரை அருந்தாமலேயே எழுந்து சென்றார்.

ஹஜ்ஜிலிருந்து மீண்டு வந்த அவர், சில மாதங்களில் தோப்பின் ஒரு பகுதியை விற்று, கணக்கெழுதி, ஒரு துணிப்பையில் பணத்தைக் கொண்டுவந்து உம்மாவின் முன் வைத்தார். முப்பத்தோர் ஆண்டுகள் கடந்திருந்தன. அந்தப் பணம் தேவைப்பட்ட நாட்களையெல்லாம் உம்மா தையல் எந்திரத்தின் முன் அமர்ந்தே கழித்துவிட்டிருந்தார்கள். அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பணத்தை எண்ணவும் இல்லை. மாமா போன பிறகு, "காக்கா இனிமேல் நிம்மதியாகத் தொழுவார்" என்று மட்டும் சொன்னார்கள்.

டென்மார்க் மன்னன் விரிக்க முடியாத விரல்களை எங்கள் மாமா விரித்தார். அதற்காக அவரை நான் என்றும் மதிக்கின்றேன். காட்ஃபிரேயைப் போலவே அவராலும் ஆண்டுகளைத் திருப்பித் தர இயலவில்லை. இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்க நான் விரும்பவில்லை.

கதை எதற்கு?

தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு இப்போது விடை கூறலாம். கிதாபு எனக்கு நிபந்தனைகளைக் கற்பித்தது. அவை இன்றி இக்கதைகளை நான் அளந்திருக்க முடியாது. கதைகளோ அந்நிபந்தனைகளை மனிதன் எவ்வெவ்வாறு தட்டிக் கழிக்கின்றான் என்பதைக் காட்டின. ஒருவன் தன்னை மன்னிக்க முடியாதவன் என்று சொல்லித் தப்புகின்றான். ஒருத்தி உறக்கத்தில் மட்டும் அழுகின்றாள். ஒருவன் மண்டியிட்டுவிட்டு வெறுமனே எழுந்துவிடுகின்றான். ஒருவன் இறைவனிடம் மட்டும் பேசிவிட்டு ஸூரியை மறந்துவிடுகின்றான். ஒருவன் நாளை நாளை என்கின்றான். அவர்களுடைய மதம் வேறு, தேசம் வேறு, காலம் வேறு. நஃப்ஸின் தந்திரங்கள் மட்டும் வேறல்ல.

ஆகவே நம் பிள்ளைகள் பள்ளியிலோ கல்லூரியிலோ ஆங்கிலப் பாடநூலை விரித்து அமரும்போது, தேர்வுக்கான குறிப்புகளை மட்டும் உருப்போட விட்டுவிடாதீர்கள். அருகில் அமர்ந்து கதையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அந்த மன்னன் ஏன் எழுந்துவிட்டான் என்று கேளுங்கள். அந்தச் சிறுவனுக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். பிள்ளைகள் விடை சொல்லிவிடுவார்கள். பிறகு அவர்கள் நம்மைப் பார்த்து, நம் வீட்டுப் பத்திரங்களில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று கேட்கவும் கூடும். அப்போது அவர்களை அதட்டாமல் விடை சொல்லத் தக்கவர்களாக நாம் இருக்க வேண்டும்.

உரியதை உரியவரிடம், அவர் உயிரோடிருக்கும் காலத்திலேயே, அவருக்குப் பயன்படும் காலத்திலேயே சேர்ப்பிக்கும் நல்லுதவியை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.